சம்பளத்தை யார் முடிவு செய்தார்கள்?



மார்ச் மாதம் நெருங்கும்போது நம் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். கதைகளைப் பற்றியும் தொடர்களைப் பற்றியும் எழுதுகிறவர்கள் நன்கொடையைப் பற்றி எழுத ஆரம்பிப்பார்கள். வரிக் கணக்கை முடிக்கும் மாதம் என்பது ஒரு காரணம். எந்த முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம், எந்தப் பள்ளிக்குக் கொடுக்கலாம், ரசீது சரியாகத் தருவார்களா என்று கேட்பார்கள். இவற்றுக்கு நடுவே ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்துகொண்டே இருக்கிறது: நான் கொடுக்கும் 100 ரூபாயில் எத்தனை ரூபாய் உரியவருக்குப் போய்ச் சேருகிறது? அதன் வாலாகவே இன்னொன்றும் வரும்: சேவை செய்கிறவர்களுக்கு எதற்கு இவ்வளவு சம்பளம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஓர் இல்லத்துக்கு மாதம் 500 ரூபாய் அனுப்பிவந்ததை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். அதை நடத்துகிறவர் மாதச் சம்பளம் எடுக்கிறார் என்று தெரிந்ததும் மனம் விட்டுப்போயிற்றாம். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பணம் அது. அந்த 500 ரூபாய்க்குக் கணக்குக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் கையில் எடுத்த அளவுகோலைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருக்கிறது. சம்பளமே எடுக்காதவர் நல்லவர், நிர்வாகச் செலவு குறைந்த நிறுவனமே நேர்மையான நிறுவனம் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். இதை நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு நாகப்பட்டினத்தில் தொடங்குகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் இருந்து, உலகம் முழுவதும் இருந்து உதவி வந்து குவிந்தது. லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. சாலையோரங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். பிறர் உடுத்திய துணியை எடுத்துக்கொள்ள மீனவக் குடும்பங்களுக்கு மனம் வரவில்லை, அந்தத் துணி மழையிலும் மணலிலும் மட்கிக் கிடந்தது. அனுப்பியவர்கள் யாரும் ஒரு பைசாவை நிர்வாகத்துக்கு ஒதுக்கவில்லை. வீட்டு அலமாரியில் இருந்து நேராகக் கடற்கரைக்கு வந்த உதவி அது. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு நூறு சென்று சேர்ந்திருக்கிறது, யாருக்கும் பயன்படாமல்.

படகுகளின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. கொடுப்பவருக்குப் படகைப் போலத் திருப்தி தரும் பொருள் வேறு இல்லை. பெயர் எழுதலாம், கடலில் இறக்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் வந்தன. சுனாமிக்கு முன்பு படகே இல்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் உரிமையாளர்கள் ஆனார்கள், படகில் உடன் போக ஆள் கிடைக்கவில்லை. அதே மாவட்டத்தில் உப்பு ஏறிப்போன வயல்களில் வேலை இழந்த தலித் கூலித் தொழிலாளர்களும், முகத்துவாரங்களில் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களும் நிவாரணப் பட்டியலில் கடைசியாகவே வந்தார்கள். அவர்களிடம் இழந்ததாகக் காட்டப் படகு இல்லை.

யாருக்கு எது தேவை, எந்த ஊரில் யார் விடுபட்டார்கள் என்று கேட்டு எழுதுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. 2005 ஜனவரியின் முதல் நாட்களிலேயே நாகை ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், நாகையில் பெண்கள் மத்தியில் நெடுங்காலம் பணியாற்றிவந்த ஸ்நேகா போன்ற அமைப்புகள் அதை நடத்தின. அந்த மையம் படகு கொடுக்கவில்லை, அரிசி கொடுக்கவில்லை. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன செய்கிறது என்று பட்டியல் போட்டது, கூட்டம் கூட்டியது, ஊர் ஊராகத் தகவல் சேகரித்தது, அரசாணைகளை மக்களுக்கு விளக்கியது. மேசை, தொலைபேசி, கணினி, சம்பளத்துக்கு ஆட்கள் என்று அதன் செலவு முழுவதும் நாம் முகம் சுளிக்கும் நிர்வாகச் செலவுதான். நாகையில் நன்கொடையாளர்களின் பணம் வீணாகாமல் காத்தவற்றில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

நம் மனத்தில் இந்த அளவுகோல் எப்படி வந்தது? நம் ஊரில் தொண்டு என்றால் தியாகம். அதற்கு மிக உயர்ந்த முன்மாதிரிகளும் நமக்கு இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கியது. தொடக்க காலத்திலேயே அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா முதலில் ஊதியம் இல்லாமல் பணியாற்றினார். பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்திலேயே தங்க இடமும் கிடைத்தன. 2021 ஜனவரியில் மறையும் வரை மருத்துவமனைதான் அவருக்கு வீடு. மகசேசே விருது வரை எத்தனையோ விருதுகள் வந்தன, உடன் வந்த பணம் மருத்துவமனைக்கே போயிற்று. இப்படி ஒருவர் நம் காலத்தில், நம் நகரத்தில் வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ நிமிர்கிறது.

ஆனால் அவர் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்துகொண்டார். அதே தியாகத்தை மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை பார்க்கும் களப்பணியாளரிடம் நாம் எதிர்பார்ப்பது வேறு விஷயம். கிராமம் கிராமமாகப் போய்ப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடும் பெண்ணுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, அவர் பிள்ளைக்கும் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது என்ற நிலையில்தான் இந்தத் துறையில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். பி.எஃப். பிடிக்காத நிறுவனங்களும் உண்டு. 10 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் திருமணமானதும், அல்லது முதல் குழந்தை பிறந்ததும், வங்கிக்கோ கம்பெனிக்கோ போய்விடுவதை இந்தத் துறையில் இருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அவரோடு அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு தெருவைப் பற்றிய அறிவும் போய்விடுகிறது. சம்பளம் எடுக்காதவர்தான் தொண்டர் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், சொத்து உள்ளவர்களும், வேறு வழியில் வருமானம் உள்ளவர்களும் மட்டுமே அறப்பணிக்குத் தலைமை தாங்க முடியும். ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை, தன் மக்களின் துயரம் தெரிந்தவர், அந்த நாற்காலிக்கு ஒருநாளும் வர முடியாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு வேறு விதமான சான்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியபோது அங்கேயும் தியாகம்தான் முதலீடு. அவர் குடும்பத்தினர் குறைந்த ஊதியத்தில் இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் வெங்கடசாமி அதோடு நிறுத்தவில்லை. கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் நிர்வாகம் படித்த ஆர்.டி. துளசிராஜை அழைத்துவந்து மருத்துவமனையின் நிர்வாகத்தை ஒப்படைத்தார். கட்டணம் செலுத்துகிறவர்களின் வருமானத்திலேயே கட்டணம் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை அளிக்கும் முறை அங்கே உறுதிப்பட்டதற்கு, அறுவை சிகிச்சைத் திறமைக்கு இணையாக நிர்வாகத் திறமையும் காரணம். அங்கே நிர்வாகத்துக்குச் செலவிட்ட பணத்தைப் பார்வை பெற்றவர்களின் எண்ணிக்கையில்தான் அளக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் கடிதம் எழுதியவர்களின் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஏமாற்று நடந்திருக்கிறது, நடக்கிறது.

அமெரிக்காவில் யுனைடெட் வே என்ற அமைப்பு, தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஊழியர்களின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்து உள்ளூர்த் தொண்டுகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு. அதன் தேசிய அமைப்புக்கு 1970 முதல் தலைவராக இருந்தவர் வில்லியம் அராமொனி. 1992-இல் பத்திரிகைகள் அவர் செலவுகளை வெளியே கொண்டுவந்தன. சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஆண்டுக்கு 4,63,000 டாலர், கான்கார்டு விமானப் பயணம், வாடகை லிமோசின் கார்கள், அமைப்பின் நிழலில் தொடங்கப்பட்ட துணை நிறுவனங்கள். சம்பளத்தில் 5 டாலர், 10 டாலர் பிடித்துக் கொடுத்த தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். அவர் பதவி விலகினார். 1995-இல் மோசடிக் குற்றங்களுக்காக அவருக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மக்களைக் கொதிக்க வைத்தது சம்பளம். நீதிமன்றம் தண்டித்தது சம்பளத்துக்காக இல்லை. அவரது ஊதியம் நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்ட ஊதியம். தனிப்பட்ட இன்பச் செலவுகளை அமைப்பின் கணக்கில் எழுதியதும், துணை நிறுவனங்கள் வழியாகப் பணத்தைத் திருப்பியதும்தான் குற்றம். அவையெல்லாம் சம்பளம் என்ற தலைப்பின்கீழ் ஒருநாளும் வந்திருக்காது. சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் அந்தத் திருட்டு படவே படாது.

அங்கே சட்டம் அதிலிருந்து பாடம் கற்றது. 1996-இல் வந்த சட்டத்தின்படி, தொண்டு நிறுவனத்தில் அதிகாரம் உள்ளவர் நியாயத்துக்கு மேல் ஆதாயம் எடுத்தால், அந்த அதிகப்படித் தொகையில் 25 சதவீதத்தை அவரே வரியாகக் கட்ட வேண்டும். எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். 2017-இல் வந்த சட்டம், வரிவிலக்குப் பெற்ற அமைப்பில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் ஊதியம் கொடுத்தால், மிகுதிக்கு அமைப்பு 21 சதவீத வரி கட்ட வேண்டும் என்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 990 என்ற படிவம். ஓரளவு பெரிய தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் அதை வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தலைவர்கள், இயக்குநர்கள், உயர்ந்த ஊதியம் பெறும் ஊழியர்கள் ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் அதில் இருக்கும். அது பொது ஆவணம். யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். தலைவருக்கு எவ்வளவு சம்பளம் என்று அங்கே வதந்தியாகப் பேச வேண்டியதில்லை, எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதிலும் அமெரிக்கர்கள் கொஞ்சம் தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று முக்கிய அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் 2013-இல் அமெரிக்க நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதின. நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பது அதன் சாரம். அந்தச் சதவீதத்தையும் வைத்து நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்த சாரிட்டி நேவிகேட்டரே இப்படி எழுதியவர்களில் ஒருவர் என்பதால் அந்த மடலுக்குத் தனி மதிப்பு உண்டு.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். வருமானவரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தையாவது அறப்பணிக்குச் செலவிட வேண்டும், அல்லது முறைப்படி அறிவித்து அதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தப் பணிக்கு உழைப்பவரின் சம்பளமும் இந்தச் செலவில் அடங்கும். டிரஸ்டிக்கோ அவர் உறவினருக்கோ சம்பளமே கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. செய்யும் வேலைக்குப் பொருந்திய அளவில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அளவை மீறினால் அந்த மிகுதிக்கு வரிவிலக்கு இல்லை. வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம். அதில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதியை 2020-இல் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் இந்த 20-இல் சேராது. ஆனால் கணக்கர், அலுவலக வாடகை, நிர்வாகியின் பயணம் எல்லாம் சேரும். மருத்துவமனை நடத்தும் பெரிய அமைப்புக்கு இது பெரிய சிரமம் தராது. சட்ட உதவியும் விழிப்புணர்வும் ஆய்வும் செய்யும் சிறிய அமைப்புக்கு மூச்சு முட்டும். அதே திருத்தம், பெரிய நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தைச் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்துவிட்டது. 2022-இல் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பொதுமக்கள் பார்க்க முடிந்த வெளிநாட்டு நன்கொடை ஆண்டுக் கணக்குகளும் எடுக்கப்பட்டுவிட்டன. செலவுக்குக் கடிவாளம் இறுகியது, நாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சன்னல் மூடப்பட்டது. இரண்டில் எது நமக்குத் தேவை என்று கேட்டால், சன்னல்தான் என்பேன்.

மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க 1950-ஆம் ஆண்டுச் சட்டமும், அறக்கட்டளை ஆணையரும் உண்டு. தமிழ்நாட்டில் கோயில்களுக்கு அறநிலையத் துறை இருக்கிறது, சங்கங்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து தொடங்கும் சாதாரண டிரஸ்டுக்கு அப்படி ஓர் ஆணையர் இல்லை. வருமானவரித் துறையைத் தவிர அதைக் கேட்பார் இல்லை என்றே சொல்லலாம். கணவர் மேனேஜிங் டிரஸ்டி, மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று பத்திரம் எழுதிவிடலாம். தலைவர் கௌரவப் பணி செய்கிறார், ஒரு ரூபாய்கூடச் சம்பளம் வாங்குவதில்லை என்று துண்டறிக்கையில் போடலாம். இல்லம் நடக்கும் கட்டடம் அவருடையது, வாடகை டிரஸ்ட் கொடுக்கிறது. கார் டிரஸ்ட் பெயரில், ஓட்டுவது வீட்டார். மளிகை வாங்குவது உறவினர் கடையில். இத்தகையவரைச் சம்பளம் வாங்காத உத்தமர் என்று போற்றிவிட்டு, தன் ஊதியம் இவ்வளவு என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கும் இன்னொருவரைச் சந்தேகப்படுகிறோம். அந்த ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான், அம்மா: வெளியே சொல்லிவிட்டு எடுக்கும் நியாயமான சம்பளத்தால் உங்கள் 500 ரூபாய்க்குக் கெடுதல் இல்லை.

ஆகவே எவ்வளவு என்ற கேள்வியோடு, அதை யார் முடிவு செய்தார்கள் என்றும் கேளுங்கள். சம்பளம் வாங்குகிறவரே அதை நிர்ணயித்தாரா, அவருக்கு உறவில்லாதவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்களா, தீர்மானம் எழுதப்பட்டதா? நம் நாட்டிலேயே கிரெடிபிலிட்டி அலையன்ஸ் என்ற அமைப்பு இதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. தலைவரின் ஊதியம், அதிக ஊதியம் பெறும் மூவர், மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் ஆகிய விவரங்களை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்கிறது. அந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு நிறுவனத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

பணம் திரட்டும் செலவையும் மறக்காமல் கேளுங்கள். வணிக வளாக வாசலில் நிறுத்தி மாதாமாதம் வங்கிக் கணக்கில் இருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லும் இளைஞர்கள் பல நேரங்களில் அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லை, ஏஜென்சியின் ஆட்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், வெயிலில் நின்று பிழைக்கிறார்கள். ஆனால் ஏஜென்சிக்கு எவ்வளவு போகிறது என்று நிறுவனத்திடம் கேட்கலாம். நோயுற்ற குழந்தைக்காக நிதி திரட்டும் இணையதளங்கள் சிலவற்றில், நாம் கொடுக்கும் தொகையோடு தளத்துக்கென்று ஒரு தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். பணம் செலுத்தும் முன் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பணிக்கு என்று சொல்லி வாங்கினார்களோ அதற்குத்தான் செலவிட்டார்களா என்பதும் கேட்க வேண்டியதே. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், தான் திரட்டிய 50 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதியில் ஒரு பெரும் பகுதியை, ரத்த வங்கி போன்ற வருங்காலத் தேவைகளுக்கு ஒதுக்கத் திட்டமிட்டது. ரத்த வங்கி நல்ல காரியம்தான். ஆனாலும் கொடுத்தவர்கள் இறந்தவர்களின் குடும்பங்களை நினைத்துக் கொடுத்தார்கள். எதிர்ப்புப் பெரிதானது, தலைவர் பதவியிழந்தார், முழு நிதியும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அந்த நவம்பரிலேயே சங்கம் அறிவித்தது. நன்கொடையாளர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் எவ்வளவு பெரிய அமைப்பும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வரிச்சலுகை பற்றி எழுதியவர்களுக்குச் சுருக்கமாக: 80ஜி என்று நமக்குப் பழகிப்போன சலுகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். நீங்கள் கொடுத்ததை நிறுவனம் வருமானவரித் துறையின் தளத்தில் பதிவுசெய்து, அங்கிருந்து எடுத்த சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2021-22 நிதியாண்டில் இருந்து நடைமுறை. வெறும் ரசீது போதாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மார்ச்சில் நீங்கள் கொடுக்க நினைத்திருக்கும் நிறுவனத்துக்கு, பணம் அனுப்பும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். தணிக்கை செய்த கணக்கும் ஆண்டறிக்கையும் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். தலைவரின் ஊதியத்தோடு, சமையல்காரம்மாவுக்கும் இரவுக் காவலருக்கும் என்ன கொடுக்கிறார்கள், அவர்களுக்கு பி.எஃப். உண்டா என்றும் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலோர் உண்மையாக உழைக்கிறவர்கள். திருப்தியான பதில் தந்தவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள், சம்பளத்துக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை போடாமல் கொடுங்கள். கேட்டதற்காகவே கோபப்படும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வந்த பதில்களை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். ஒளிக்காமல் கணக்குச் சொன்ன நிறுவனங்களைப் பற்றி மே இதழில் எழுத விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்